பக்கத்து இருக்கை

வர்ஜீனியாவின் அந்த ஆய்வுக்கூடத்தில் லெனோராவுக்கு எண்களோடுதான் வேலை. புதிதாக லைசென்ஸ் வாங்கிய நாற்பது பிள்ளைகளின் கார்களில் கருவி பொருத்தி, மாதாமாதம் எத்தனை தடவை திடீர் பிரேக், எத்தனை தடவை வெட்டித் திருப்பல் என்று எண்ணியிருந்தார்கள். ஒரே பிள்ளையின் மாதக் கணக்குகள் ஒன்றையொன்று ஒட்டியே போகும். அவற்றைத் தனித்தனி ஆட்களுடையதாக நினைத்தால் விடை பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வொரு பிள்ளையின் சுபாவத்துக்கும் தனியாக ஒரு மதிப்பு வைத்துக் கணித்தாள். பெயர்கள் கிடையாது, வரிசை எண் மட்டும்.

பதினேழாம் எண் அவளை உறுத்தியது. மற்றவர்களுக்குக் குறைந்துகொண்டே வர, இதற்கு மட்டும் ஒன்பது, பதினாறு, முப்பத்தொன்று என்று ஏறியது. நடுவே இரண்டு மாதம் வெற்றிடம்: 'கை முறிவு.' அக்கா மார்த்தாவின் மகள் டெஸ்ஸா அந்த ஆய்வில் இருப்பது லெனோராவுக்குத் தெரியும். கை முறிந்து இரண்டு மாதம் அவள் ஓட்டாமல் இருந்ததும் தெரியும். எந்த எண் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆய்வுத் தலைவர் ஹாலோரனிடம் ஓடினாள். "பதினேழாம் எண் என் அக்கா பொண்ணு. அவ அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"மூச்சு விடக்கூடாது. பெத்தவங்களுக்குக்கூடச் சொல்லமாட்டோம்னு எழுதிக் கொடுத்துத்தானே பிள்ளைங்களைச் சேர்த்தோம்? இனி இந்தக் கணக்கை நீங்க தொடவேண்டாம்."

ஞாயிறன்று டெஸ்ஸா ஓட்ட, லெனோராவும் மார்த்தாவும் அவளோடு கடைக்குப் போனார்கள். வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் எல்லாப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் விழுந்துவிடும். அதைக் கணித்தவளே லெனோராதான்.

"எப்படி ஓட்டுறா பாத்தியா? நீதான் சும்மா பயந்து சாகறே!" என்று சிரித்தாள் மார்த்தா. லெனோராவுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதை.

மறுநாளே முழங்கால் வலி என்று சொல்லித் தன் காரை மூடிப்போட்டாள். "தினம் என்னை ஆபீஸ்ல விட்டுட்டு ஸ்கூலுக்குப் போ, கண்ணு. சாயங்காலமும் நீயே வந்து கூட்டிட்டுப் போ."

"எத்தனை நாளைக்கு ஆன்ட்டி?"

"டாக்டர் சொல்ற வரைக்கும்."

ஐந்து மாதம் ஓடிற்று. நவம்பரில் ஒரு காலை, மலைச்சாலையில் டெஸ்ஸா கேட்டாள்: "நேத்து நீங்க படியில ஓடி ஏறினதைப் பாத்தேன். உங்களுக்கு வலியே இல்ல, இல்லியா?"

லெனோரா முழங்காலில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்க ஆய்வுல என் கணக்கு அவ்வளவு மோசமா?"

தலையசைத்தாலும் வாக்குத் தவறிவிடும், மறுத்தாலோ பொய். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். அடுத்த வளைவுக்கு வெகுமுன்பே டெஸ்ஸா வேகத்தைக் குறைத்தாள். அன்று முதல் தனியாகப் போகும்போதும் அப்படித்தான் ஓட்டுகிறாளா என்பதை லெனோராவிடம் சொல்ல யாருக்கும் அனுமதியில்லை.