மாத்திரைக்கும் விரதம்

1962-ல் மாதக்கணக்காகக் கிருஷ்ணவேணிக்கு எரிச்சல்தான். திண்டிவனத்தில் டாக்டர் கேள்வி கேட்பது அவளை. பதில் சொல்வது அவள் அம்மா சின்னபொண்ணு.

"வலிப்பு மாத்திரையைத் தவறாம சாப்பிடறியா?"

"ஒரு நாள் கூட வுடறதில்லைங்க."

பச்சைப் பொய் என்றும் சொல்ல முடியாது. மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அமாவாசைக்கு முந்தின மூன்று நாளும் மகளை விரதம் இருக்க வைப்பாள். மாத்திரையில் எந்தக் கவுச்சியைக் கலந்தானோ என்று டப்பாவைப் பரண்மேல் போட்டுவிடுவாள். விரத நாளெல்லாம் அவள் கணக்கிலேயே வராது. மருந்து தொடங்கிய பிறகு மற்ற நாளில் வலிப்பு நின்றுபோனது. அமாவாசையன்று மட்டும் கோயில் வாசலில் வெட்டி இழுக்கும். டாக்டர் ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். பதினெட்டு வயதுப் பெண் பகலெல்லாம் தூங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் அம்மா அந்தண்டை போன நேரம், கம்பவுண்டர் இருதயராஜிடம் அவளே கேட்டாள்.

"மூணு நாள் வுட்டா இன்னாண்ணா ஆவும்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "திடீர்னு நிறுத்தினா இழுக்கத்தாம்மா செய்யும்."

வீட்டில் சொன்னாள். "சாமி குத்தம்டி" என்று அம்மா வாயை அடைத்தாள். கிருஷ்ணவேணிக்கு விழுப்புரத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு அமாவாசையாவது வலிப்பு வராமல் போனால்தான் அனுப்புவேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வழி? டப்பா பரண் ஏறுமுன்பே கிருஷ்ணவேணி மாத்திரைகளைத் தாவணி முனையில் முடிந்துவைத்து, மூன்று நாளும் யாருக்கும் தெரியாமல் விழுங்கினாள்.

அமாவாசை வந்தது, போனது. வலிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அம்மா பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. இனிமே இன்னாத்துக்கு இந்தக் கருமம்? கெணத்துல போட்டுட்டு வர்றேன்."

கிருஷ்ணவேணிக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு நாளும் முழுங்கினேம்மா, அதான் வரல. ஏழு மாசமா நீ நிறுத்தி நிறுத்தித்தான் வந்துச்சி."

அறை விழும் என்று நின்றாள். சின்னபொண்ணு டப்பாவும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதன் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஏழு வாட்டியும் உன்னக் கீழ தள்ளினது நானாடி?"

இத்தனை மாதம் சேர்த்துவைத்த வசவை விட்டுவிட்டு, கிருஷ்ணவேணி சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

"தண்ணி குடும்மா" என்றாள். "இன்னிக்கி மாத்திரை இன்னும் போடல."