தூக்கத்துக்கு ஆதரவாக ஒரு படம்

தாய் போனபின் மகளுக்கு வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. மழலைப் பள்ளியில் மட்டும் மதியம் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவாள். அந்த நேரத்தை எடுத்துவிட்டு எழுத்துப் பயிற்சி வைக்கப்போவதாகத் தலைமையாசிரியை சொன்னதும், தகப்பன் குழந்தைகள் நலச் சங்கத்துக்கு எழுதினான். வேறு எங்கே போவான்? கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

சங்கம் பரிவாரத்தோடு பள்ளிக்கு வந்தது. தலைவி, செயலாளர், படம் பிடிப்பவர். ‘குழந்தைகளைத் தூங்க விடுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பதாகை; அதைத் தூக்க மட்டும் இரண்டு பேர். ‘குழந்தை’ என்று சொல்லும்போதெல்லாம் தலைவி நெஞ்சில் கைவைத்தாள், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவள்போல.

பிள்ளைகள் தூங்கும் அறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. மகள் ஆயாவின் விரலைப் பிடித்தபடி வாய்திறந்து தூங்கினாள்.

படம் பிடிப்பவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இருட்டா இருக்கு மேடம். ஒண்ணும் விழாது.”

“அப்ப எழுப்பி ஹாலுக்குக் கூட்டிட்டு வாங்க. அங்க படுக்க வெச்சு எடுத்துக்கலாம். ஆயாம்மா, மூஞ்சி கழுவி விடுங்க.”

தகப்பன் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றான். “தூங்க விடணும்னு சொல்லத்தானே வந்தீங்க?”

“அதுக்குத்தாங்க எழுப்புறோம்.”

சொன்ன தலைவிக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். செயலாளரின் விளக்கம் வேறு: “படம் இல்லாம யாருங்க நம்புவா? ஒருநாள் தூக்கம்தானே சார்.”

“படம்தானே? நீங்களே படுங்க. கண்ணை மூடிக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே.”

ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உதவி பண்ண வந்தா இதுதான் மரியாதை!” என்றாள் தலைவி. “இனி சிபாரிசும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.” பதாகையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். “நல்லதாப் போச்சு. நாளையிலேருந்து எழுத்துப் பாடம்தான். தினமும் வந்து குறுக்க நிப்பீங்களோ?”

“நிக்க மாட்டேன். கால் வலிக்கும்.”

பிள்ளைகளின் நாற்காலி ஒன்றை இழுத்து, கதவில் முதுகு படும்படி உட்கார்ந்தான். முழங்கால் மோவாயை இடித்தது.

“உங்க ஆபீஸ்?”

“அங்கயும் எல்லாரும் தூங்கத்தான் செய்றாங்க. யாரும் எழுப்புறதில்ல.”

மறுநாள் மதியம் அவன் வந்தபோது எழுத்துப் பாடத்துக்கு முந்தியே ஆயா பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டிருந்தாள். நாற்காலிகளையெல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருந்தாள் தலைமையாசிரியை. பெரிய படிப்புப் படித்தவள். தரையைப் பூட்ட முடியவில்லை. அதில் உட்கார்ந்தான்.