இருபது நிமிஷக் கால்கள்

செல்பேசி அடித்தபோது பயிற்சியாளர் லுவான் சிங்ஷான் ஒரு பன்றிக்கால் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அழைத்தவள், அந்தப் பன்றிக்காலை வேகவைத்து அனுப்பியவளேதான்.

"லுவான் அண்ணே, ஹாய்போ அம்மா பேசறேன். நாளைக்கு ரெண்டு பஸ்ஸு பிடிச்சு வர்றோம். போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பறோம். அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்களும் வர்றாங்க. நம்ம பையன் கால் நல்லாத்தான் இருக்குன்னு அவங்க கண்ணால ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

"கால் நல்லாத்தான் இருக்கு" என்றார் லுவான்.

இந்த ஒரு வாக்கியத்தை அவர் ஜூன் மாதமே சொல்லியிருக்கலாம். சொல்லாததால்தான் இத்தனை பன்றிகள் கால் இழந்தன.

லுவானைப் பற்றி வடகிழக்குச் சீனாவின் லியாவோநிங் பக்கத்தில் கால்பந்து பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் தடுப்பாட்டம் ஆடியவர். ஏழு அணிகளுக்கு ஆடியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் விடுதியில் ஜன்னலோரக் கட்டிலை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. முதலாளிகள்தான் நகர்ந்தார்கள். டயர் தொழிற்சாலை வாங்கியபோது டயர் அணி. பிறகு சாராயக் கம்பெனி. பிறகு சிமெண்ட், மருந்து, அடுக்குமாடி வீடு. காலையில் எழுந்து சட்டையைப் பார்த்துத்தான் இன்றைக்கு யாருக்கு ஆடுகிறோம் என்று தெரிந்துகொள்வார். ஒருமுறை புதுச் சட்டைகள் வரத் தாமதமாகி, முதல் பாதியைச் சாராயத்துக்கும் இரண்டாம் பாதியைச் சிமெண்டுக்கும் ஆடினார். தோற்றது சிமெண்ட்தான்.

அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் தேசத்து ஆட்டக்காரர்களையெல்லாம் தெற்கே குன்மிங் நகரத்துக்கு ஓட்டிப்போய்ப் பன்னிரண்டு நிமிட ஓட்டம் ஓடவைப்பார்கள். தூரம் எட்டாதவனுக்கு அந்த வருஷம் ஆட்டம் கிடையாது. லுவானுக்கு ஒரு வருஷம் முடிவு விசில் காதில் விழவில்லை. மற்றவர்கள் குளித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவர் ஓடிக்கொண்டிருந்ததாகவும், சமையல்காரர் நூடுல்ஸ் கிண்ணத்தோடு பக்கத்திலேயே ஓடி ஊட்டியதாகவும் சொல்வார்கள். லுவான் இதை மறுத்ததில்லை. நூடுல்ஸில் உப்பு குறைவு என்று மட்டும் சொல்வார். அவரை எந்தப் பயிற்சியாளரும் ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்ததில்லை. மூக்கு உடைந்தபோது பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடினார். பார்க்கச் சகிக்காமல் நடுவர்தான் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தினார். இடையில் வெளியே வருவது எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் ஓய்வுபெற்று, பயிற்சியாளராகி, இப்போது பன்றித் தீவன முதலாளியின் அணியை நடத்திக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷம் கால்பந்துச் சங்கம் ஒரு சட்டம் போட்டது. முதல் பதினொரு பேரில் இருபத்துமூன்று வயதைத் தாண்டாத ஒருவனாவது இருக்கவேண்டும். இளைஞர்கள் வளரட்டும் என்று நினைத்தார்கள். பயிற்சியாளர்களும் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஓர் இளைஞனை இறக்குவார்கள். தேசியகீதம் பாடும்போது அவன் இருப்பான், படம் எடுக்கும்போது இருப்பான். அப்புறம் கொஞ்ச நேரத்தில் மாற்றுப் பலகையைத் தூக்கி அவனை வெளியே அழைத்துவிட்டு, அனுபவசாலி ஒருவரை அனுப்புவார்கள். சட்டத்தில் எங்கேயும் எத்தனை நேரம் என்று எழுதவில்லை. லுவான் மற்றவர்களைவிட நல்லவர். இருபது நிமிஷம் விடுவார்.

அப்படி இறக்க ஓர் இளைஞன் வேண்டும் என்றுதான் அவர் ஹாய்போவின் ஊர் இருக்கும் பேரிக்காய்த் தோட்டத்து மலையேறினார். பியான் ஹாய்போவுக்கு அப்போது ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. உடற்பயிற்சி வாத்தியாராகியிருப்பான். லுவான் அவர்கள் வீட்டில் அடியில் கணப்பு மூட்டிய செங்கல் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளித்த முட்டைக்கோஸ் வைத்த ஜியாவ்ஸு கொழுக்கட்டையை இரண்டு தட்டு காலி செய்தார். "என்னை நம்பி அனுப்புங்கம்மா. முதல் பதினொண்ணுல உங்க பையன் இருப்பான். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அந்தம்மா மாவுக் கையோடு அழுதாள். சொன்ன சொல்லை லுவான் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஜூன் மாதம் அந்த ஊர்க்காரர்கள் முதல்முறை பார்க்க வந்தபோது, வழியில் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. மந்தை பெரியது. ஆடுகள் கடந்து முடித்து, இவர்கள் அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தபோது, ஹாய்போ பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து வாசலில் அந்தம்மா கேட்டாள்: "ஏண்ணே, அவனுக்கு என்ன ஆச்சு?"

உண்மையைச் சொல்ல லுவான் வாய் திறந்தார். வெளியே வந்தது வேறு. "கால் பிடிச்சுக்கிச்சும்மா."

அவ்வளவுதான். மலைக்குத் திரும்புவதற்குள் ஹாய்போவின் கால் ஊரே பேசுகிற கால் ஆகிவிட்டது. பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா பின்வாங்கினார். "அரை மணி நேரம் நிக்காத காலு எங்க தோட்டத்து ஏணியில எப்படிய்யா நிக்கும்?" என்று சந்தையில் நின்று கேட்டாராம். காலுக்குக் கால்தான் மருந்து என்று அம்மா வாரம் தவறாமல் பன்றிக்கால் அனுப்பத் தொடங்கினாள். ஹாய்போ அதைத் தனியாகச் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பாதியைப் பயிற்சியாளருக்குக் கொண்டுவந்தான். அவன் காலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. லுவானுக்குத்தான் முழங்கால் வலி போய்விட்டது.

"வீட்ல உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானேடா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு எப்படிச் சொல்றது, கோச்சு?" என்றான் ஹாய்போ. அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் லுவான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

நாளைய ஆட்டம் வருஷத்தின் கடைசி ஆட்டம். தோற்காமல் இருந்தால் அணி இந்தப் பிரிவிலேயே நிலைக்கும். தோற்றால் கீழே. புது வருஷம் பிறந்தால் ஹாய்போவின் வயது சட்டத்தைத் தாண்டிவிடும். அப்புறம் அவனை இருபது நிமிஷத்துக்குக்கூட யாருக்கும் தேவையில்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் துணைப் பயிற்சியாளர் கெங் என்பவரை லுவான் ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஹாய்போவ வெளிய எடுக்கப் போறதில்ல" என்றார்.

கெங், சூரியகாந்தி விதையைப் பல்லிடுக்கில் வைத்தவர், கடிக்க மறந்தார். "அண்ணே, முதலாளி மேல உக்காந்து பாக்கறாரு. ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் தீவனத்துல போட்டு அரைச்சுடுவாரு."

"அரைக்கட்டும். உன்னைத் தின்ன பன்னிக்குத்தான் வயித்து வலி வரும்."

"சரி, பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லத்தான் போறேன்."

உடைமாற்றும் அறையில் ஹாய்போ காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். லுவான் அவன் எதிரில் போய் நின்றார்.

"அம்மா வந்துட்டாங்களா கோச்சு?"

"வந்துட்டாங்க. முன் வரிசை. மேளமெல்லாம் கொண்டாந்திருக்காங்க."

"இப்பவேவா? இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலையே!" அவன் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னிக்கு முழுசாப் பாத்துடுவாங்க. முழு இருபது நிமிஷமும்."

இன்றைக்கு நீ கடைசிவரைக்கும் ஆடு என்று சொன்னால், அப்படியானால் இத்தனை நாளும் ஏன் விடவில்லை என்று அவன் கேட்கவேண்டும். கேட்கமாட்டான் என்பதும் லுவானுக்குத் தெரியும். அந்தக் கேட்காத முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு, மூக்கு உடைந்து ஆடுவது எவ்வளவோ மேல். "கயிறு நல்லா கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பலகையே உயராவிட்டால் அவனே புரிந்துகொள்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புத்திசாலிப் பையன்.

ஹாய்போ அன்றைக்கு ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் கூட்டிச் சொல்கிறார்கள். அதில் பாதியைத் தள்ளினாலும் போதும். வலது ஓரத்தில் பந்து கிடைத்தபோதெல்லாம் வீட்டில் தீப்பிடித்தவன்போல ஓடினான். எதிரணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் இரண்டு முறை அவனைப் பிடிக்கப்போய் விளம்பரப் பலகையைப் பிடித்தான். ஹாய்போ தூக்கி அனுப்பிய பந்து ஒன்று கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. முன் வரிசையில் ஊர்க்காரர்களின் யாங்கே நடன மேளம் அதிர்ந்தது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் காலைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். லுவான் அதைப் பார்த்தார். பல மாதமாக மார்பில் இருந்த ஒரு கல் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் தேடியது.

நவம்பர் குளிர். கெங்குக்குக் கால் மரத்துப்போயிற்று. எழுந்து நின்று இரண்டு காலையும் தரையில் உதைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

மைதானத்தில் ஹாய்போ அதைப் பார்த்தான். வாராவாரம் கெங் எழுந்து நின்றால் அவனை வெளியே அழைக்கத்தான். அரங்கத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நிமிஷம். மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் செய்ததைச் செய்தான். காலுறையைத் தளர்த்தினான். பக்கத்தில் நின்ற தோழனின் முதுகில் தட்டினான். கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டி வெளியே வந்தான். அவன் விட்ட வழியாக எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடிற்று.

"உள்ள போடா! உள்ள போ!" என்று கத்தினார் லுவான்.

ஹாய்போ திரும்பித் திரும்பிப் பார்த்தான், தனக்குப் பதில் யார் உள்ளே போகிறார்கள் என்று. யாரும் போகவில்லை. அவன் கோட்டின் பக்கம் திரும்பியதும், அங்கே நின்ற நடுவர் குழு அதிகாரி ஓடிவந்து கையை நீட்டித் தடுத்தார். "கேக்காம வெளிய வந்துட்டு, இஷ்டத்துக்கு உள்ள போக முடியாது தம்பி. கையைத் தூக்கிட்டு நில்லு. நடுவர் கூப்பிட்டாத்தான் போகலாம்."

ஹாய்போ கையைத் தூக்கினான். மூச்சு வாங்கிற்று.

"என் நேரம் முடிஞ்சு போச்சே கோச்சு?"

"இன்னிக்கு நேரம் கீரம் எதுவும் இல்ல. போய் ஆடு."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். முகத்தில் வருத்தமோ சந்தோஷமோ இல்லை. புது ஊரில் வழி கேட்கிறவனின் முகம்.

"அப்ப எப்ப வெளிய வரணும்?"

பின்னால் மேளம் நின்றிருந்தது. திரும்பிப் பார்க்காமலே லுவானுக்குத் தெரிந்தது, முன் வரிசையில் ஹாய்போவின் அம்மா எழுந்து நிற்கிறாள் என்று. அவள் அருகில் பெண்ணின் அப்பா உட்கார்ந்துவிட்டிருப்பார் என்று.

ஆட்டம் தூரத்தில், இவர்கள் கோல் கம்பத்தின் முன்னால் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் பதினொரு பேரைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாய்போவின் கை தளர்ந்து கொஞ்சம் கீழே இறங்கிற்று. லுவான் வெள்ளைக்கோட்டின் விளிம்புவரை வந்து, அவன் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை எழுந்து நிற்பதைப்போல, தன் வலது கையையும் மேலே தூக்கினார்.