கண்ணாக்காட்டு விறகு

நாட்டில் எரிவாயு கிடைக்காத அந்த வருடம், தன்னாமுனை வாவிக்கரையில் மரம் வெட்டும் கத்திச் சத்தம் கேட்டு அன்னப்பூரணி, அலையாத்தி மரங்கள் அடர்ந்த கண்ணாக்காட்டுக்குள் இறங்கினாள். அந்த மரங்களின் வேரடியில் இறால் பிடித்து வாழ்பவள் அவள். யாரானாலும் நன்றாக ஏசுவதென்றே போனாள். வெட்டிக்கொண்டு நின்றவள் ஸில்மியா.

பக்கத்து ஏறாவூர்க்காரியான ஸில்மியாவும் சேர்ந்து நட்ட மரங்கள்தான் அவை. இராணுவக் காவலரணிலிருந்து தண்ணீர் தெரியவேண்டும் என்று யுத்த காலத்தில் பழைய காட்டை வெட்டியிருந்தார்கள். பிறகு கரை அரித்தது. மாரியில் வாவி வீடுகளுக்குள் வந்தது. யுத்தம் முடிந்ததும் இரண்டு ஊர்ப் பெண்களும் கன்று நட வந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரோடொருவர் பேசத் தயங்கிய காலம் அது. முதல் நாளே ஸில்மியா சேற்றில் புதைந்தாள். தூக்கப்போன அன்னப்பூரணியும் விழுந்தாள். எழும்ப முடியாமல் இருவரும் சிரித்த சிரிப்பில்தான் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. மத்தியானம் மாசிச் சம்பலும் இறால் பொரியலும் கைமாறின. ஸில்மியாவோடு வந்த நுஸ்ரா பாட, மற்றவர்கள் நட்டார்கள். அப்படி ஒரு காலம் அன்னப்பூரணிக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

“என்னகா இது? நம்மட கையால நட்டதயா வெட்டுறாய்?”

ஸில்மியா கத்தியைத் தாழ்த்தினாள். “மகளுக்கு இப்பதான் புள்ள கிடைச்சிருக்கு. சுடுதண்ணி வைக்கக் கொள்ளி இல்ல. நான் என்னத்த எரிக்கிறகா?”

அன்னப்பூரணி காய்ந்து விழுந்த கிளைகளைப் பொறுக்கிக் கட்டி அவள் தலையில் ஏற்றிவிட்டாள்.

“பச்சையில கை வைக்காத. நாளைக்கு மத்தாக்களையும் கூட்டிக்கு வா.”

மறுநாள், முன்பு கன்று நட்ட பெண்கள் கரையில் கூடினார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து, விழுந்ததையும் காய்ந்ததையும் மட்டும் எடுப்பதென்று முடிவானது. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் முதல் கட்டு. லொறியோடு வந்த வெளியாட்களை மறித்து நின்றார்கள். அப்படியும் வடக்கே ஒரு துண்டு பறிபோனது. வெட்டிய அடிக்கட்டைகளைப் பார்த்து அன்னப்பூரணி வாய்விட்டு அழுதாள்.

அந்த மாரியில் வாவி பெருகியது. காட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் வெள்ளம் முற்றத்தோடு நின்றது. வடக்கே மட்டும் இரண்டு வீடுகளின் சுவர் விழுந்தது.

தண்ணீர் வற்றியதும் இருவரும் அந்தத் துண்டில் கன்றோடு இறங்கினார்கள்.

“கட்டாருக்குப் போன நுஸ்ரா என்ன செய்யிறாளோ,” என்றாள் அன்னப்பூரணி.

“போன கிழமை கதைச்சவள். காடு இரிக்கா எண்டுதான் முதல்ல கேட்டாள்.”

“என்னகா சொன்னாய்?”

“இரிக்கு எண்டன்.”

அன்னப்பூரணி அடுத்த கன்றுக்குக் கை நீட்டினாள்.