ஏழாவது வரி

அதிகாரியின் பென்சில் கவிதையின் ஏழாவது வரியின் கீழ் நின்றுவிட்டது, ஆறு வரிகளையும் அது நிதானமாகத் தின்றுகொண்டுதான் வந்தது, வேலியோரத்துப் பூவரசுக்கு ஒரு சரி, மணலில் காயும் வலைக்கு ஒரு சரி, தாய்மொழியில் அழ ஆளில்லாத ஊர் என்ற வரிக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி, இப்போது ஏழாவது வரி, அண்ணனுக்கு நான் கொள்ளி வைத்தேன், திரும்பிப் பார்க்காமல் இத்தனை தூரம் வந்தேன். அந்த வரியைக் காலையில் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவன் குகநேசன்தான், அகதி விசாரணை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறவன், எத்தனையோ பேருடைய சாவை நாக்கு தடுக்காமல் சொன்னவன், இதைச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் குடித்தான். எதிரே அபிராஜி, முப்பது வயது, அகதி விண்ணப்பம் போட்டவள், அவள் யாரென்று காட்டுவதற்காக வழக்கறிஞர் இந்தக் கவிதையைக் கோப்பில் சேர்த்திருக்கிறார், புண்ணியவான், சேர்க்காமல் விட்டிருக்கலாம். அதிகாரி நல்ல பெண், யாரையும் அதட்டமாட்டாள், பிஸ்கட் தட்டைக்கூட அபிராஜியின் பக்கம் நகர்த்தி வைத்தாள், பிறகு கேட்டாள், உங்கள் வாக்குமூலத்தில் அண்ணன் காணாமல் போனவர், உடல் கிடைக்கவில்லை, கவிதையில் அவரை நீங்களே எரிக்கிறீர்கள், இரண்டில் எது பொய்?

ரெண்டும் உண்மைதான் எண்டு சொல்லுங்கோ அண்ணை, என்றாள் அபிராஜி, ஆமிக்காரன் அண்ணனைக் கொண்டுபோனவன், திரும்பி வரேல்லை, அம்மா இப்பவும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா, நான் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் அம்மாவுக்குத் தெரியாமல் வைக்கோலிலை ஆளுயரத்துக்கு உருவம் கட்டி, அவன்ரை சேர்ட்டைப் போட்டு, பனை வடலிக்காணிக்குள்ளை வைச்சு எரிச்சனான், கொள்ளி வைச்சால் திரும்பிப் பாக்கக்கூடாதெல்லோ, நான் பாக்கேல்லை. குகநேசன் ஒரு சொல் விடாமல் சொன்னான், அதிகாரி இலங்கை பற்றிய அறிக்கையில் ஒரு தாளைப் புரட்டினாள், உங்கள் சமூகத்தில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை என்று இதில் இருக்கிறதே என்றாள். அபிராஜி சிரித்தாள், சிரித்திருக்கக்கூடாது, ஆம்பிளை எண்டு எங்கடை வீட்டிலை ஆர் மிச்சம் எண்டு கேளுங்கோ அண்ணை என்றாள், பென்சில் அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டது. பிறகு அதிகாரி முதல் தடவையாகக் குகநேசனைப் பார்த்தாள், நீங்களும் அந்த ஊர்ப்பக்கம்தானே, உடல் இல்லாதவருக்கு வைக்கோலில் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் உண்டா, தெரிந்ததைச் சொல்லுங்கள், பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.

உண்டு, உண்டு என்றால் போதும், ஒரு சொல், அந்தப் பெண் பிழைத்துப்போவாள், அவனுக்குத் தெரியாதா, தெரியும், கிளிநொச்சியிலிருந்து அண்ணி எப்படியோ எண்ணைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கும் அந்தக் குரல் அவன் காதுக்குள்தான் இருக்கிறது, தம்பி, செல் குண்டு விழுந்த பங்கர்க் குழிக்குள்ளை உங்கடை அண்ணையை அப்பிடியே விட்டிட்டு ஓடி வந்தனாங்கள், இப்ப ஐயர் வைக்கோலிலை செய்து எரிக்கலாம் எண்டவர், நீங்கள் இல்லாதபடியால் பக்கத்து வீட்டுக்காரர்தான் கொள்ளி வைச்சவர். அதைச் சொன்னால் அதிகாரி சும்மா விடுவாளா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், என் அண்ணன் தவலிங்கத்துக்கு அப்படித்தான் செய்தார்கள் என்றால், இந்தக் கட்டடத்திலேயே எங்கோ ஒரு அலுமாரியில் அவனுடைய பழைய கோப்பு கிடக்கிறது, அதில் தவலிங்கம் எண்பத்தாறிலேயே சுடப்பட்டுச் செத்துவிட்டார், நானே கொள்ளி வைத்தேன், கை நடுங்கியது என்று இருபத்திரண்டு வயது குகநேசன் சொல்ல, அன்றைய அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்துகிறார், அண்ணன் அதே வேளையில் பரந்தனில் உழவு மிசின் ஓட்டிக்கொண்டிருக்கிறார், பீடி குடிக்கிறார், தம்பி போய்ச் சேர்ந்துவிட்டானாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பன்னிரண்டு வருடம் கழித்து அதே அண்ணன் கொழும்பு லாட்ஜிலிருந்து கூப்பிடுகிறார், தம்பி, நான் உன்ரை அண்ணன்தான் எண்டு ஒரு கடிதம் போடடா, அது போதும், பிள்ளையளோடை வந்து சேர்ந்திடுவன், பாப்பம் அண்ணை என்று வைத்தான், செத்தவருக்கு யார் கடிதம் போடுவது, மறுவாரம் தொலைபேசி எண்ணை மாற்றினான், அண்ணன் ஒரு மாதம் லாட்ஜில் காத்திருந்துவிட்டு வன்னிக்கே திரும்பிப்போனார், பங்கருக்குத்தான் போனார் என்று சொன்னாலும் சரிதான். இதையெல்லாம் அறியாத ஒருத்தி பதினொரு வரி எழுதி வைத்திருக்கிறாள், ஏழாவது வரியில் அவன்தான் நடந்துபோகிறான், அவன் அவளை வெறுத்தான், வாய்விட்டுச் சொல்லமுடியாத அளவுக்கு வெறுத்தான்.

அப்படியொரு வழக்கம் இல்லை, நான் கேள்விப்பட்டதில்லை, என்று அழகான ஜெர்மனில் சொன்னான். அதிகாரி தட்டச்சு செய்தாள். என்ன அண்ணை கேட்டவ என்று அபிராஜி ஆவலாய்க் கேட்டாள், பொறுங்கோ பிள்ளை, கடைசியிலை எல்லாம் வாசிச்சுக் காட்டுவன், அதுதான் இங்கத்தைச் சட்டம் என்றான். சட்டம்தான், பதிந்த அத்தனையையும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசிக்கவேண்டும், விண்ணப்பக்காரி ஒவ்வொரு பக்கமும் கையெழுத்திடவேண்டும், இருபத்தாறு வருடம் வாசித்தவனுக்கு, இல்லை என்று சொன்ன அந்த நேரத்தில் மட்டும் அது மறந்துபோயிருந்தது.

பதினாறாம் பக்கத்தில் அந்த இடம் வந்தது, தாண்டிப் போகலாமா என்று பார்த்தான், அதிகாரியின் விரல் வரிவரியாகக் கூடவே வந்துகொண்டிருந்தது, வாசித்தான். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கப்பட்டது, அப்படியொரு வழக்கம் இல்லை, கேள்விப்பட்டதில்லை என்றார். அபிராஜி அழவில்லை, கோபிக்கவும் இல்லை, பேனையை மேசையில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். விளங்கேல்லை அண்ணை, இன்னொருக்கா வாசியுங்கோ என்றாள். வாசித்தான். இன்னும் கொஞ்சம் சத்தமாய், என்றாள். புரியவில்லை என்றால் எத்தனை முறையும் வாசித்துக் காட்டலாம், நேரம் இருக்கிறது, என்றாள் அந்த நல்ல அதிகாரி.