பதினொரு நாள் ஆளுநரின் முகம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கூலி வேலையில் கிடைத்த மிச்சம். எங்கள் மாநிலத்தை ஆண்ட ஆளுநர்களைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதித் தரும்படி ஆளுநர் அரண்மனையில் கூப்பிட்டார்கள். (மெக்சிகோவில் எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். பக்கத்து மாநிலத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.) வருடக் கணக்கில் ஆண்டவருக்கு நாலு பக்கம், மாதக் கணக்கில் ஆண்டவருக்கு அரைப் பக்கம், நாள் கணக்கில் ஆண்டவருக்கு மூன்று வரி என்று உத்தரவு. புரட்சிக் காலத்தில் எங்களுக்கு மூன்று வரி ஆளுநர்கள் ஏராளம். காலையில் வலக்கையை நீட்டிப் பதவி ஏற்பார், சாயங்காலம் எதிர்ப்படை ரயிலில் வந்து இறங்கும்.

எர்மிலோ சால்தான்யாவுக்கும் மூன்று வரிதான். 1915. பதினொரு நாள். சுட்டுக் கொன்றார்கள்.*

(*அடிக்குறிப்பு: பள்ளிக்கூட வாசலில் குதிரை கட்டக் கூடாது என்று ஓர் ஆணை போட்டார். அதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை. நாலாவது வரியாக இதைச் சேர்த்தேன், அடித்துவிட்டார்கள்.)

2

முதல் தொடக்கம்: "அரண்மனை மாடிக் கூடத்தில் நாற்பத்தாறு ஆளுநர்கள் வரிசையாகத் தொங்கினார்கள்." வேண்டாம். அவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே தொங்கியவர்கள்.

இரண்டாவது தொடக்கம்: "வியாழக்கிழமைதோறும் ஒதீலியா டீச்சர் வருவார்." இதுதான் சரி. எர்மிலோவின் மகள். அப்பா செத்து நாலு மாதம் கழித்துப் பிறந்தவர், இந்தக் கதை நடக்கும் எழுபத்தைந்தாம் வருடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டில் அப்பாவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. கூடத்தில் இருக்கும் எண்ணெய் ஓவியம்தான் அப்பா. அதன் முன்னால் நின்று மெல்லிய குரலில் பேசுவார்.

"மழையே இல்லப்பா. பக்கத்து வீட்டு பெத்ரோனீலாவோட பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை குடிக்க மாட்டானாம், பாக்கலாம்."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவரை முதன்முதலாக அந்தப் படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியவர் ஆவணக் காப்பாளர் ஃபிதென்சியோ. அன்றைக்குச் சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்த புதிது. "இவருதான் உங்கப்பா. மூக்கு அப்படியே உங்களுக்கு வந்திருக்கு டீச்சரம்மா" என்று சொல்லி வைத்தார். டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டார்.

3

புது ஆளுநர் வெள்ளிக்கிழமை பதவி ஏற்கிறார். அதற்காகப் படங்களை இறக்கித் துடைத்தார்கள். எர்மிலோ படத்தின் முதுகில் ஓவியரின் பென்சில் எழுத்து: "புகைப்படம் கிடைக்கவில்லை. மாதிரிக்கு உட்கார்ந்தவர் வாசல் காவலாளி செனோபியோ. மீசை என் கற்பனை."

ஃபிதென்சியோ பதறிப்போய் மற்ற படங்களையும் திருப்பினார். இன்னும் மூன்றில் செனோபியோ. நாலு ஆளுநர்களுக்கும் ஒரே மூக்கு. அதில் ஒருவர் இன்னொருவரைச் சுடச் சொன்னவர் வேறு! நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு நடந்தவர்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. ஆளுநர் படத்தில் எல்லோரும் மீசையைத்தான் பார்க்கிறார்கள்.

"ஊர் சிரிக்கிறதுக்குள்ள நாலையும் நிலவறைல போடுங்க. பெயர்ப்பலகை மட்டும் இருக்கட்டும்" என்றார் ஆவணக் காப்பக இயக்குநர்.

அன்று வியாழக்கிழமை.

4

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். செனோபியோதான் டீச்சரின் நிஜ அப்பா என்று எழுதலாமா? இரண்டு பத்தி எழுதியும் பார்த்தேன். "ஒதீலியாவின் தாய் அந்தக் காலத்தில் அரண்மனைக்கு அடிக்கடி..." சீ. செத்த மனுஷிமேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

ஃபிதென்சியோ பொய் சொல்லட்டும், படம் மராமத்துக்குப் போயிருக்கிறது என்று. அதையும் எழுதினேன். அவர் வாயில் அந்த வசனம் நிற்கவில்லை. ஒரு பொய்யை இருபத்திரண்டு வருடம் அறியாமல் வளர்த்தவர், அறிந்தே இன்னொன்றை விதைக்க மாட்டார்.

5

ஆகவே டீச்சர் வந்ததும் உண்மையைச் சொன்னார். படம் மேஜைமேல் கிடந்தது.

டீச்சர் பின்பக்க எழுத்தை இரண்டு தடவை வாசித்தார். "நீதானே தம்பி மூக்கு அப்படியே இருக்குன்னு சொன்ன?"

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு சொன்னேன் டீச்சரம்மா."

"பட்டேன். படாம என்ன."

பிறகு உட்கார்ந்து அழுதார். பிறந்ததிலிருந்து அவருக்கு அப்பா இல்லை, அன்றைக்குத்தான் இழந்தார். ஃபிதென்சியோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குற்றவாளிபோல நின்றார்.

"எம் புருஷன் செத்தத இவர்கிட்டதான் முதல்ல சொன்னேன்" என்றார் டீச்சர், படத்தைப் பார்த்தபடி. "நான் பாட்டுக்குப் பொலம்புவேன். அத்தனையும் கேட்டுக்கிட்டு இருந்தாரே மனுஷன். இவருக்குப் பிள்ளைங்க உண்டா?"

"யாருமில்ல. பதிவேட்டுல பாத்தேன். பொதுக்குழியிலதான் போட்டிருக்காங்க."

"அப்ப இவரப் பாக்க யாரு வருவா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கப்பாவுக்குப் பேரு செவுத்துல இருக்கு, போதும். இவரக் கொடு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ, அரசாங்கச் சொத்து டீச்சரம்மா."

"அரசாங்கத்துக்கு இவரு யாரு? எனக்கு யாருன்னாவது எனக்குத் தெரியும்."

6

முடிவு ஒன்று: ஃபிதென்சியோ மறுக்கிறார், படம் நிலவறைக்குப் போகிறது, எலிகள். முடிவு இரண்டு: கொடுத்துவிடுகிறார், வேலை போகிறது. (அவருக்கு இரண்டு பெண்கள், ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு வருடம்.) இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஒன்றில் டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மற்றதில் ஃபிதென்சியோ முகத்தை.

அவர்களை அப்படியே விட்டிருக்கிறேன். டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருக்கிறார். ஃபிதென்சியோ படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். கனமான படம், பிடி நழுவப் பார்க்கிறது. இயக்குநர் மாடிப்படி ஏறி வருகிறார்.

பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் பிடியுங்கள்.