சென்சாருக்கு வைத்த பொட்டு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் புதிய நிலையத்தை ஓட்டத் தொடங்கினார்கள். ஆறே காலுக்கு அது தானாக நின்றுவிட்டது.

செங்கல்பட்டுப் பக்கத்தில், ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்பும் நிலையம் அது. நாற்பது வருடப் பழைய வடிகட்டித் தொட்டிகளின் இணைப்பை ஞாயிற்றுக்கிழமையே துண்டித்துவிட்டார்கள். இனி எல்லாம் புதுத் தொட்டி, புது வால்வு, ஒரு கணினி. சுத்தமான தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில் ஒரு சென்சார் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அது சொல்லும். கணினி வால்வை மூடிவிடும். கலங்கல் அளவு ஒன்றுக்குள் இருக்க வேண்டும். அன்று ஒன்பது காட்டியது.

"தண்ணி கண்ணாடி மாரி கீது. மிஷினு இன்னாத்துக்கு கலங்கல்னு கூவுது?" என்றான் பம்ப் ஓட்டும் ஆனந்தன்.

புது நிலையத்தை அமைத்த ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் சுஷ்மிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபத்தாறு வயதுப் பெண். கரூரிலிருந்து வந்து பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மூன்றாவது முறையாகக் கணினியில் எதையோ திருத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மேலாளர் கைபேசியில் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. சென்சாரின் அளவைச் சரியாக அமைக்க உனக்குத் தெரியவில்லை, மதியத்துக்குள் ஓடாவிட்டால் ஊருக்குப் போய்விடு, வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். நகரத்தின் மேல்நிலைத் தொட்டிகளில் மதியம் வரைக்கும்தான் தண்ணீர் இருந்தது.

ஞானம்பாள் குளோரின் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் இதே நிலையத்தில் வேலை பார்த்தவர். கல்பாக்கம் சாலையில் விபத்தில் போய்விட்டார். அதன் பிறகு அவளைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். எட்டு மாதமாகக் கருங்குழியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள், போகிறாள். நடுவில் நடப்பது எதுவும் அவளைத் தொடுவதில்லை. புது நிலையத்துக்கு நாலு பேர் போதும், மற்ற ஐந்து பேர் வீட்டுக்கு என்று சொன்னபோதும் சரி என்றுதான் தலையாட்டினாள்.

"சென்சார்ல கோளாறு இருக்காதுங்க. நுனில இருக்கற கண்ணாடி வழியாத்தான் அது தண்ணியப் பாக்குது. வெள்ளிக்கிழமை காலைல நானே தொடச்சு வெச்சேன்" என்று சுஷ்மிதா ஆனந்தனிடம் சொன்னாள்.

கண்ணாடி என்ற சொல் ஞானம்பாளின் காதில் விழுந்து, சற்று நேரம் கழித்துத்தான் உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை மாலை புது நிலையத்துக்குப் பூசை போட்டார்கள். புது இயந்திரம் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் அங்கே ஓட்டமாட்டார்கள். குங்குமத் தட்டு கை மாறி வந்து, ஞானம்பாளைத் தாண்டிப் போனது. யாருக்கும் அவள் மேல் கோபமில்லை; புருஷன் இல்லாதவளிடம் தட்டை நீட்டுவதில்லை, அவ்வளவுதான். அவளும் எதிர்பார்க்கவில்லை. சுஷ்மிதாதான் தட்டை வாங்கி அவளிடம் கொண்டுவந்தாள். "நீங்க வைங்கக்கா. தினமும் இதையெல்லாம் பாத்துக்கப்போறது நீங்கதான?"

ஆண்டவன் எப்போதும் பெரிதாக ஏதாவது செய்துதான் வருவார் என்றில்லை; இப்படி ஒரு தட்டை நீட்டியும் வரலாம். ஞானம்பாளுக்கு அன்று அப்படி ஒரு நினைப்பு வந்தது. மோட்டாருக்கு வைத்தாள், வால்வுகளுக்கு வைத்தாள். மேசைமேல் கிடந்த சென்சாரின் முகம் எது என்று தேடி, நுனியில் பளபளவென்றிருந்த வட்டத்தில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அழுத்தி வைத்தாள். திங்கட்கிழமை விடியற்காலையில் ஆனந்தன் அதை அப்படியே வாய்க்காலில் இறக்கிவிட்டான்.

அவள் வாய்க்கால் பக்கம் நடந்தாள். யாரும் கவனிக்கவில்லை. சங்கிலியைப் பிடித்து இழுத்ததும் சென்சார் மேலே வந்தது. கண்ணாடியில் பொட்டு பாதி கரைந்து, செந்நிறமாகப் படிந்திருந்தது. முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்து இறக்கினால் போதும், எண் குறைந்துவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் எதனால் நின்றது என்பதும் தெரியாமல் போகும். அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்ற பேச்சு அப்படியே நிற்கும்.

முந்தானையை எடுத்த கை அப்படியே நின்றது. பயமாகக்கூட இல்லை. வேலை போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அது வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வேறு யாருடையதாகவும் தோன்றவில்லை.

"சார்," என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க."

நகராட்சி உதவிப் பொறியாளர் திருநாவுக்கரசு வந்தார். பின்னால் சுஷ்மிதாவும் ஆனந்தனும்.

"இன்னா இது?"

"பொட்டு சார். நான்தான் வெச்சேன். இந்தப் பாப்பா மேல தப்பில்ல."

ஆனந்தன் உச்சுக்கொட்டினான். "அன்னிக்கே நெனச்சேன். யார் கைல தட்டக் குடுக்கறதுன்னு ஒரு மொற இல்ல? அதான் மொத நாளே படுத்துக்கிச்சு."

"நான்தாங்க சார் வெக்கச் சொன்னேன்" என்றாள் சுஷ்மிதா. "கண்ணாடில வெக்கக்கூடாதுன்னு சொல்லாதது என் தப்பு."

திருநாவுக்கரசு ஆனந்தன் பக்கம் திரும்பினார். "அண்ணாத்த, அத தண்ணில எறக்கனது யாரு?"

"நான்தான் சார்."

"இத்தாம் பெரிய பொட்டு. பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன் சார். சாமிக்கு வெச்சதாச்சே, எப்பிடி அழிக்கறதுன்னு வுட்டுட்டேன்."

"அப்ப நீயும் இவுங்களோட சேர்ந்து நில்லு. யார் கைன்றதப் பத்தி அப்பால பேசலாம்."

சுஷ்மிதா கண்ணாடியைத் துடைத்து இறக்கினாள். எண் ஒன்பதிலிருந்து நாலு, இரண்டு என்று இறங்கி, ஒன்றுக்குக் கீழே போய் நின்றது. வால்வு திறக்கும் சத்தம் கேட்டது. மணி பத்தரை.

திருநாவுக்கரசு சுஷ்மிதாவின் மேலாளரைக் கைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் வேலையில் குறையில்லை, பூசை போட்டது எங்கள் ஆட்கள் என்று சொன்னார். பிறகு ஞானம்பாளிடம் வந்தார்.

"நாலு பேர் லிஸ்ட்ல உன் பேரு வரும்னு நான் சொல்ல முடியாது. மேலருந்து வர்றது அது. ஆனா தானா வந்து சொன்ன பாரு, அத எழுதி அனுப்பறேன்."

"சரி சார்" என்றாள்.

பதினோரு மணிக்கு சுஷ்மிதா படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றாள். ஞானம்பாள் தன் டப்பாவைத் திறந்து மூடியில் பாதிச் சாதத்தைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் சுஷ்மிதா நிமிர்ந்தாள்.

"அக்கா, கொழம்புல உப்பே இல்லைங்க."

ஞானம்பாள் ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்தாள். மென்றாள். "தெர்லியே கண்ணு" என்றாள். "எத்தினி நாளா போடலியோ."

"பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு, சுஷ்மிதா மூடியிலிருந்த சாதம் முழுவதையும் சாப்பிட்டாள்.